தங்கை அனுப்பிய டிரையர்

எங்கள் வீட்டுக்கு அந்த டிரையர் வந்து இறங்கிய மத்தியானம், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தெருவில் துணி துவைக்கும் மெஷின் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். காய வைப்பதற்கென்று தனியாக ஒரு மெஷின் உண்டு என்பதைப் பலர் நம்பவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "காய வைக்க மெஷினா? அப்ப சூரியன் எதுக்குலா இருக்கு?" என்று கேட்டார். இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த என் தங்கை அதைக் கப்பலில் அனுப்பியிருந்தாள். லாரிக் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர், பினாங்கிலிருந்து காலியாகத் திரும்பிய ஒரு லாரியில் அதை ஏற்றி வரச் செய்தார்.

மரச் சட்டத்தை உடைத்துப் பிரித்ததும் வெள்ளை வெளேரென்று நின்றது. முன்பக்கம் வட்டக் கதவு, உள்ளே சுழலும் உருளை, ஈரக் காற்று வெளியே போவதற்குப் பின்பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு குழாய். அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு எதை எங்கே சொல்வது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. அன்றும் தெரியவில்லை.

"மாமா, ஒங்க சின்ன மக போன்ல என்ன சொல்லிச்சு தெரியுமா? இனிமே நம்ம வீட்டுத் துணியில புகை நாத்தமே அடிக்காதுன்னு சொல்லிச்சு!" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அவர் காலை மிதிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.  அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல், அந்த மழையில் வெளியே போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும். நானும் தங்கையும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்குப் புகைக் கூடத்தில் வேலை. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து நசுக்கி, ஈர ஷீட்டுகளாக்கிக் கொண்டுவந்து தருவார்கள். அப்பா அவற்றை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டு, புகையிலேயே காய வைப்பார். காய வைப்பதுதான் அவர் தொழில். எங்கள் அம்மா நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டதால், எங்களுக்குச் சோறு பொங்குவது, தலை பின்னுவது, துணி துவைப்பது எல்லாம் அவர்தான்.

வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் ஒரு துணி காயாது. எங்களிடம் இருந்த பள்ளிக்கூட உடுப்போ மாற்றிப் போடும் அளவுக்குத்தான். அப்பா ஈர உடுப்புகளை ஒரு வாளியில் போட்டுப் புகைக் கூடத்துக்கு எடுத்துப் போவார். ஷீட்டுகள் தொங்கும் வரிசையின் கடைசியில் அவற்றையும் தொங்கவிடுவார். காலையில் எடுத்து வந்து எங்கள் மேல் போர்த்துவார். சூடாக இருக்கும். அந்தக் குளிரில் அந்தச் சூட்டுக்காகவே நான் எழுந்திருப்பேன். ஆனால் வெள்ளைச் சட்டை தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும். புகையும் ரப்பரும் கலந்த அந்த நாற்றம் எத்தனை துவைத்தாலும் போகாது.

டவுன் பள்ளிக்கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிடித்த மூக்கை நன்றாகத் திருகிவிட்டு வகுப்புக்கு வெளியே நின்றேன். தங்கை அப்படி இல்லை. அழுதாள். ஒரு மழை நாளில், புகைக் கூடத்து உடுப்பை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த ஈர உடுப்பையே மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். காய்ச்சலோடு திரும்பினாள். அப்பா அவள் நெற்றியில் ஈரத் துணி போட்டார், கஞ்சி ஊட்டினார், ஆனால் கட்டிலில் கிடந்த அந்த மடித்த உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் உடுப்பு புகைக் கூடத்துக்குப் போகவும் இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தங்கைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேலை வாங்கித் தர அப்பா யார் யாரிடமோ கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஏற்பாடும் செய்துவிட்டார். அவளோ யாரிடமும் சொல்லாமல் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டு, நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். எழுபதுகளின் நடுவில் நிறையப் பெண்கள் அப்படிப் போனார்கள். அவள் ரயிலேறிய அன்று அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. "ஷீட்டுக்கு விறகு போடணும்" என்று புகைக் கூடத்துக்குப் போய்விட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, கம்பெனிக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, அப்பா எங்களோடு சிலிபினுக்கு வந்த பிறகும் அப்படித்தான். அவள் போனில் வந்தால் அப்பாவுக்கு உடனே பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் என் கணவர் புகை நாற்றத்தைப் பற்றிச் சிரித்தார். தங்கை அதைக் கேலியாகவும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. "அக்கா, மழைக் காலம் வந்தாலே எனக்கு அந்த ஈர உடுப்பு ஞாபகம் வந்துருது. ஒன் பிள்ளைங்களுக்கு அந்தச் சூசா, அந்தக் கஷ்டம் வேணாம்" என்றுதான் என்னிடம் சொன்னாள். அப்பாவின் காதுக்குப் போனது வேறு. தன் தொழிலை, தன் கையால் காய வைத்துப் போர்த்திய துணியை, கப்பலேற்றி ஒரு மெஷினை அனுப்பி மகள் திருப்பியடித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

டிரையரைப் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும், அந்நேரத்துக்கு மழை பிடித்துவிடும். எனக்கு அந்த மெஷின் சாமி கொடுத்த மாதிரி. பிள்ளைகளின் உடுப்பும் படுக்கை விரிப்பும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் காய்ந்து, மெத்தென்று வந்துவிடும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு கதவுக்கு உள்ளே இருந்த ஒரு சல்லடையில் படியும். ஒவ்வொரு தடவையும் அதை உரித்து எடுத்துவிட வேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். "வெயில்ல காயாத துணி துணியா?" என்பார். அவருடைய வேட்டி சட்டையை அவரேதான் துவைத்துக்கொள்வார், என்னைத் தொடவிட மாட்டார். வாரம் முழுவதும் புகை குடித்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஒன்றுதான் மரியாதையாக இருந்தது. சோறு வடித்த கஞ்சியை எடுத்து வைத்து, சொட்டு நீலம் சேர்த்து, வேட்டியை அதில் முக்கி, காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பெட்டி போடுவார். பலகை மாதிரி நிற்கும். பூசைக்குப் போகும்போது அவர் நடந்தால் வேட்டி உரசும் சத்தம் கேட்கும். மாதா கோயிலில் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமலே அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள்.

நான் வேலை முடிந்து வரும்போது அவருடைய வெள்ளைகள் பின்கட்டுக் கொடியில் தொங்கும். மழை நாளிலும் தொங்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தும் இருக்கும். தகரத்துக்குக் கீழே காற்று நன்றாக அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் யோசிக்க எனக்கு நேரமில்லை.

பிறகு அவர் அரிசியைக் குறை சொல்ல ஆரம்பித்தார். "என்ன அரிசிலா வாங்குற? இந்த அரிசியில கஞ்சியே இல்ல. வேட்டி தொவண்டு போவுது." நான் அரிசியை மாற்றினேன். அதுவும் சரியில்லை என்றார். சயாம் அரிசி வாங்கினேன். அதற்கும் அதே பாட்டுத்தான். கடைசியில் நான் பாசாருக்குப் போய், வருஷக்கணக்கில் எங்களுக்கு அரிசி போட்ட மளிகைக்கடை அண்ணனிடம், பழைய அரிசியைத் தலையில் கட்டுகிறார் என்று சண்டை பிடித்தேன். அந்த மனிதர் சிலுவை போடாத குறையாகச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு நவம்பர் மாதம், தங்கை போனில் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். போன பிறகு முதல் தடவையாக வருகிறாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அப்பா மூஞ்சி குடுப்பாரா?" என்று கேட்டாள். நான் கொடுப்பார் என்றேன். "குடுக்கலேன்னா நான் ஒரு ஹோட்டல்ல தங்கிட்டு ஒன்னைய மட்டும் பார்த்துட்டுப் போயிருவேன். அவரு வீட்டுக்குள்ள இருந்துட்டு என்னையப் பார்க்காம இருந்தா என்னால தாங்க முடியாதுக்கா." பிறகு கேட்டாள். "நான் அனுப்புன டிரையர்ல அவரு துணியப் போடுறாரா?"

"எல்லாருந்தான் போடுறோம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அவள் பெருமூச்சு விட்டது அத்தனை தூரம் தாண்டி எனக்குக் கேட்டது.

அந்த வாரமே மெஷின் படுத்துவிட்டது.

திடீரென்று படுக்கவில்லை. ஏற்கெனவே சில மாதங்களாகத் துணி காய நேரமாகிக்கொண்டிருந்தது. மழைக் காலம், காற்றிலேயே ஈரம் என்று விட்டுவிட்டேன். இப்போது உருளை சுற்றும், கொஞ்ச நேரம் சூடு வரும், பிறகு சூடு அணைந்து வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் துணி வெதுவெதுப்பான ஈரத்தோடு, அவித்த கீரை மாதிரி சுருண்டு கிடக்கும். மறுநாள் சூடே வரவில்லை. பிள்ளைகளின் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்கட்டில் நின்றேன். தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பாள். நான் பொய் சொன்னேன் என்று நினைப்பாள். அவள் கொடுத்ததை இந்த வீட்டில் யாரும் சீந்தவில்லை, அப்பா இன்னும் அதே அப்பாதான் என்று நினைப்பாள். பெட்டியைத் திறக்காமலே ஹோட்டலுக்குப் போய்விடுவாள். எனக்கு அழுகை முட்டியது.

என் கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் களத்தில் இறங்கினார். லாரி ரிப்பேரைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவர், அதனால் எதையும் பிரிக்க பயமில்லை. முதலில் பிளக்கைப் பிரித்து உள்ளே இருந்த பியூஸை மாற்றினார். மாற்றமில்லை. பியூஸ் போயிருந்தால் உருளையே சுற்றாதே என்று நான் சொன்னேன். "தெரியும்லா, சும்மாப் பார்த்தேன்" என்றார். பிறகு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் குழாய் ஒரு இடத்தில் மடங்கி நசுங்கியிருந்தது. கழற்றி உதறினால் பஞ்சு கொத்துக் கொத்தாக விழுந்தது, கூடவே பல்லி முட்டைகளும் விழுந்தன. எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதான் கோளாறு, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, குழாயைச் சுத்தம் செய்து நேராக மாட்டினோம்.

மெஷினின் முதுகில், அடியோரமாக, ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருந்தது. உள்ளே சூடு அளவுக்கு மீறினால் தானாக அணைத்துவிட்டு, நாம் அழுத்தும்வரை விடாத பொத்தான் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. அழுத்தினோம். சூடு வந்தது. கணவர் தொடையில் தட்டிக்கொண்டு தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் சூடு மறுபடி அணைந்துவிட்டது.

இதெல்லாம் நடக்கும்போது அப்பா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "ரோசாக் ஆனா ஆவட்டும், கெட்டது கெட்டதாவே கெடக்கட்டும், விட்ருங்க. எதுக்குப் போட்டு நோண்டுறீங்க?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரிப்பேருக்கு எலக்ட்ரிக் கடைக்காரரைக் கூட்டிவரப் போகிறோம் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். "வேணாம். ஆளுங்கள எல்லாம் கூப்பிடாதீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்களுக்குச் சந்தோசமா இருக்கும், இல்ல? அவ அனுப்புன சாமான் ஒடைஞ்சு கெடந்தா ஒங்களுக்கு நல்லது. பெத்த மக வாரா. அவ மூஞ்சியப் பார்க்காம இருக்க இது ஒரு சாக்கு!" என்று கத்தினேன்.

அப்பா எனக்குப் பதில் சொல்லாத ஆள் இல்லை. என் கோபம் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் அன்று வாயைத் திறந்தார், எதையோ மென்று விழுங்கினார், உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுனிலிருந்து வந்த எலக்ட்ரிக் கடை முதலாளி, ஒரு சீனத் தௌக்கே, மெஷினை முழுக்கப் பிரித்தார். சூடாகும் கம்பியில் ஏதோ வைத்துச் சோதித்தார், தலையைச் சொறிந்தார், நல்லாத்தான் இருக்கு என்றார். போட்டுக் காட்டினோம், கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அப்படியானால் சூட்டை அளக்கும் பாகம்தான் போயிருக்க வேண்டும், ஆனால் அது இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும் என்றார். "ஸ்பேர் தாக் அடா லா, இங்க இல்ல" என்று கையை விரித்தார். கிடைக்காத பாகத்துக்கு நான் எங்கே போவேன்? தங்கையிடமே வாங்கி வரச் சொல்லலாம் என்று என் கணவர் ஒரு யோசனை சொன்னார். நான் பார்த்த பார்வையில் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அது ஒரு சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள்தான். பலகாரம் சுட வேண்டும், வீடு கழுவ வேண்டும். மெஷின் ஓடாவிட்டாலும் அழுக்கோடு நிற்க வேண்டாம் என்று ஈரத் துணியால் துடைத்தேன். கடைசியாகச் சல்லடையை உருவினேன். பஞ்சு இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு எல்லாவற்றையும் கழுவுகிறோமே, இதையும் கழுவுவோம் என்று குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தேன்.

தண்ணீர் கீழே போகவில்லை. சல்லடையின் மேல் அப்படியே தேங்கி நின்றது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் தெரிந்தன. ஆனால் ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆடை படிந்திருந்தது. நகத்தால் கீறினால் உரிந்தது. தண்ணீரே போகாத வழியில் காற்று எப்படிப் போகும்? சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு, மெஷின் தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. பாகம் எதுவும் கெடவில்லை. நான் கர்வத்தோடு பஞ்சு உரித்துக்கொண்டிருந்த அதே சல்லடைதான் காரணம்.

சுடுதண்ணீர் வைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். தண்ணீர் வெள்ளையாக, வழுவழுவென்று ஓடியது. முகத்தருகே கொண்டுபோனேன். புளிப்பேறிய ஒரு வாடை. அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்திருக்கிறேன்.

சோற்றுக் கஞ்சி.

இந்த வீட்டில் துணிக்குக் கஞ்சி போடுகிறவர் ஒருவர்தான்.

குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மழை நாளிலும் காய்ந்து தொங்கிய வேட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. நான் ஆபீசுக்குப் போனதும் மனிதர் மெஷினைப் போட்டிருக்கிறார். காய்ந்ததை எடுத்துக் கொண்டுபோய், நான் வருவதற்குள் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார், வெயிலில் காய்ந்தது போல. கஞ்சி போட்ட துணி உருளைக்குள் புரண்டு புரண்டு அடிபட்டால் கஞ்சி உதிரத்தானே செய்யும். உதிர்ந்தது சல்லடையில் ஏறியிருக்கிறது, வேட்டி துவண்டு போயிருக்கிறது. பாவம், மளிகைக்கடை அண்ணனின் அரிசியில் ஒரு குற்றமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது, ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று அவர் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அது திமிர் இல்லை, பயம்.

சல்லடையைத் துடைத்து மாட்டி, ஈர விரிப்பு ஒன்றைப் போட்டு ஓட விட்டேன். அணையவில்லை. விரிப்பு சருகாகக் காய்ந்து வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அப்பா, மெஷின் ஓடுதுப்பா. ஒண்ணும் ஆவல. சல்லடையில கஞ்சி ஏறியிருந்துச்சு, அவ்வளவுதான். கழுவிட்டேன்."

யார் கஞ்சி என்று நான் கேட்கவில்லை. அவர் திரும்பி எழுந்து உட்கார்ந்தார்.

"சாவலியா அது?"

"இல்லப்பா."

"நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன்" என்றார். கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ வாரா, நீ சொன்னியே. வந்து பார்த்தா, கெழவன் வேணும்னே ஒடச்சுப் போட்டான்னு நெனைப்பா. சோறு எறங்கல எனக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரிப்பை அவர் மடியில் போட்டேன். இன்னும் சூடாக இருந்தது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஒரு நாளு மழை விடவே இல்ல. சும்மாத்தான கெடக்குன்னு போட்டுப் பார்த்தேன். தொறந்தா, அங்க கழியிலேருந்து எடுக்குற மாதிரியே சூடு. அதே சூடு. வாசம் மட்டும் இல்ல." விரிப்பை முகத்தருகே கொண்டுபோனார். "ஒரு வாசமும் இல்ல. அப்பத்தான்மா எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்தப் புள்ள எத்தனை வருசம் அந்த நாத்தத்தப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்னு. எனக்கு மூக்கே பழகிப் போச்சு, தெரியவே இல்ல."

 அவர் கோபத்தோடு இருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை காலமும் நினைத்தோம்.

"அவகிட்ட சொல்லிராத" என்றார். பிறகு, "கஞ்சி ஆவாதா அதுக்கு?" என்று கேட்டார்.

"ஆவாதுப்பா. நீங்க கஞ்சித் துணிய வெயில்லயே போட்டுக்குங்க."

தலையாட்டினார்.

தங்கை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தாள். மெலிந்து, கொஞ்சம் வெளுத்து, குட்டையாக முடி வெட்டி, பெட்டியை வாசலிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கொண்டுவரட்டுமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா கூடத்தில் இருந்தார். "வந்தியா?" என்றார். "வந்தேன்பா" என்றாள். அவ்வளவுதான். அவர் விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டார். தங்கை என்னைப் பார்த்தாள், அவள் கண் நிறைந்துவிட்டது. என் கணவர் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் சரியான காரியம் செய்தார். ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் பின்கட்டு தெரியும். மழை பிடித்திருந்தது. அவள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு டிரையரையே பார்த்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை.

அப்பா குழாயடியிலிருந்து வாளியோடு வந்தார். அதில் மறுநாள் பூசைக்குப் போடப்போகும் வேட்டியும் சட்டையும். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரையரின் கதவைத் திறந்து, சல்லடையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு ஊது ஊதித் திரும்ப மாட்டினார். வேட்டியை உதறி உள்ளே போட்டார். கதவைச் சாத்தி, எதில் வைப்பது என்று பார்க்கக்கூட இல்லாமல் குமிழைத் திருகினார். பிறகு சுற்றுகிற மெஷினின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். கணவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். தங்கை கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று இரவு அவள் எங்கள் வீட்டில்தான் படுத்தாள்.

காலையில் பூசைக்குக் கிளம்பி எல்லோரும் வாசலில் நின்றோம். அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். எனக்கு என்னவோ குறைந்தது, என்னவென்று உடனே தெரியவில்லை. சத்தம் இல்லை. வேட்டி உரசவில்லை. வீட்டில் கட்டும் சாதாரணச் சாரத்தைப் போலக் காலைச் சுற்றித் துவண்டு கிடந்தது. சட்டைக் கழுத்து நிற்காமல் மடிந்து தொங்கியது. பெருநாள் பூசைக்கு அவர் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. கஞ்சித் துணியை வெயிலில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் வெயில் இல்லை, அது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின நாள் நல்ல வெயில் அடித்தது.

தங்கைக்கும் தெரிந்துவிட்டது. அவளும் அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள்தானே. அவர் பக்கத்தில் போய்ச் சட்டைக் கழுத்தைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். அது திரும்ப மடிந்தது.

"என்னப்பா, கஞ்சி போடலியா?"

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒன் மிசினுக்கு ஆவாதாம்லா" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "பூசைக்கு நேரமாச்சு, போலாம்" என்றார். கையை மட்டும் அவள் தலையிலிருந்து எடுக்கவில்லை.